பதினாலாவது குழியில் நிறுத்தினேன்

எனக்கு இருபத்தொன்பது வயது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் எங்கள் தெருவில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பத்து வருஷம் ஒரே வேலையைச் செய்தேன், போதும் என்று முடித்துக்கொண்டேன், இனி அந்தப் பக்கம் போக மாட்டேன். இதற்கு வேறு பெயர் இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

ராயபுரத்தில் ஒரு மாடி ஆபீஸ். சுற்றுலாக் கப்பலில் வருகிறவர்களை, கப்பல் துறைமுகத்தில் நிற்கும் அந்த ஒரு பகலுக்குள் வெளியே கூட்டிக்கொண்டு போய், திரும்பக் கொண்டுவந்து கப்பலில் விடுவதுதான் எங்கள் வேலை. மற்றவர்கள் கோயிலுக்கும் மாமல்லபுரத்துக்கும் புடவைக் கடைக்கும் கூட்டிப் போவார்கள். என் பங்கு கோல்ஃப். கடலில் பத்து நாள் மிதந்தவர்கள் தரையில் கால் வைத்ததும் கோயிலைப் பார்க்காமல் கோல்ஃப் ஆடப் போவார்களா என்று கேட்பீர்கள். போவார்கள். ஊருக்கு ஊர் ஒரு மைதானம் ஆடி, அந்த ஸ்கோர் அட்டையை வீட்டில் கண்ணாடி போட்டு மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

என் இடத்துக்கு வந்திருக்கும் நந்தினி போன வாரம் போன் செய்தாள். காலேஜ் முடித்த பெண்.

"அக்கா, ஒரு கோல்ஃப் குரூப் வருது. நீங்க எப்படி பிளான் போடுவீங்கன்னு எழுதிக் குடுங்களேன். ஆப்ல பார்த்தா மைதானத்துக்கு நாப்பது நிமிஷம்னு காட்டுது. அதை வச்சே போட்டுடலாமா?"

போடக் கூடாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவளுக்காக மட்டும் எழுதவில்லை.

என் புருஷன் பாபு அதே ஆபீஸில் வேன் ஓட்டினான். ஏழு மாதம் முன்னால் ஒரு காலை, காலி வேனைத் துறைமுகத்துக்கு ஓட்டி வரும்போது கன்டெய்னர் டிரெய்லர் மோதிச் செத்துப்போனான். 'அவர்' என்று எழுதுங்கள் அக்கா என்றாள் நந்தினி. உயிரோடு இருந்தபோது அப்படிக் கூப்பிட்டதில்லை, இப்போது எதற்கு? நான் போட்ட நேரத்துக்கு ஓடிப் பிடிக்கப் போய்த்தான் அவன் செத்தான் என்று ஆபீஸில் எழுதினார்கள். சாவு வீட்டில் என் மாமியாரும் அதையே சொல்லி அழுதார். நான் போட்ட எந்தப் பிளானும் எந்த டிரைவரையும் வேகமாக ஓட்டச் சொன்னதில்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் வாயை மூடுவேன்.

நான் படித்தது எட்டாவது வரை. திருவொற்றியூர்க் குப்பம். அப்பா, அண்ணன் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். ஆபீஸில் என்னைச் சேர்த்தது தண்ணீர் பாட்டில் அடுக்க, முகம் துடைக்கும் துண்டை நனைத்து ஐஸ் பெட்டியில் வைக்க. வேனில் போய் வந்து போய் வந்து இங்கிலீஷ் காதில் ஏறியது. கோல்ஃப் ஆட வருகிறவர்கள் எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்பார்கள் என்று யாரும் அந்த வேலையை எடுக்கவில்லை. நான் எடுத்தேன். மூன்றாம் வருஷத்தில் பிளானும் நானே போட ஆரம்பித்தேன்.

எப்படிப் போடுவேன் என்றால், தாளின் அடியிலிருந்து மேலே எழுதுவேன். எங்கள் குப்பத்தில் படகில் ஏறும்போது திரும்பி வரத் தேவையான டீசலை முதலில் தனிக் கேனில் ஊற்றி, கயிறு போட்டுக் கட்டி வைத்துவிடுவார்கள். மிச்சத்தில் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவுதான் அன்றைய மீன். எவ்வளவு பெரிய கூட்டம் கண்ணில் தெரிந்தாலும் அந்தக் கேனைத் தொட மாட்டார்கள். நானும் அப்படித்தான். கப்பலில் கடைசியாக ஏற வேண்டிய மணியை அடியில் எழுதுவேன். அதற்கு மேலே முழுதாக ஒரு மணி நேரம், கட்டி வைத்த கேன். அதை மைதானத்துக்கும் கொடுக்க மாட்டேன், சாப்பாட்டுக்கும் கொடுக்க மாட்டேன். அதற்கு மேலேதான் ரோடு, ஆட்டம், எல்லாம். பாபுவும் நானும் அதைக் 'கேன்' என்றே சொல்வோம்.

காலையில் என்ன நடக்கும் என்பதையும் எழுதிவிடுகிறேன். கப்பலைத் துறைமுகத்தில் கட்டியதும் உடனே இறங்க முடியாது. ஒவ்வொருவரையும் முகம் பார்த்துப் பாஸ்போர்ட் சரிபார்ப்பார்கள். பிறகு கஸ்டம்ஸ். மற்றவர்கள் கைப்பையோடு போய்விடுவார்கள். கோல்ஃப்காரர்களின் பை ஆள் உயரம் இருக்கும், உள்ளே பதினான்கு இரும்பு மட்டைகள். புதிதாக வந்த அதிகாரி என்றால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார். அதனால் யாரிடம் எத்தனை மட்டை என்று முதல் நாளே கேட்டு ஒரு தாளில் எழுதி அதிகாரியின் கையில் கொடுத்துவிடுவேன். காலர் இல்லாத பனியனோடு மைதானத்தில் விட மாட்டார்கள், ஆகவே பெரிய சைஸில் இரண்டு காலர் சட்டை என் பையில் எப்போதும் இருக்கும். பந்தை அடித்து அடித்து ஒரு குழியில் போட்டு முடிக்கப் பதினைந்து நிமிஷம். பதினெட்டுக் குழி ஆட நாலரை மணி. அதைச் சுருக்க முடியாது. வயசானவர்கள், வெயில், நடந்துதான் போவார்கள்.

எங்கள் மேனேஜர் சீனிவாசன் சார் கெட்டவர் இல்லை. ஒரு நாளும் குரலை உயர்த்தினதில்லை. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, நாம் சொல்வதை எல்லாம் கேட்டுவிட்டு, "பாத்துக்கலாம்மா" என்பார். கப்பல்காரர்கள் என்ன கேட்டாலும் அவர்களிடமும் அதே "பாத்துக்கலாம்". பார்த்துக்கொள்வது நாங்கள். அவர் எழுதும் தாளில் ஒன்பது, பத்து, ஐந்து என்று முழு மணிதான் இருக்கும். ஒன்பதே கால் என்று அவர் எழுதி நான் பார்த்ததில்லை.

இனி அந்த நாளைச் சொல்கிறேன். இரண்டு வருஷம் முன்னால் நடந்தது.

நான்கு பேர். இரண்டு தம்பதிகள், எல்லோரும் அறுபது தாண்டியவர்கள். அவர்களில் மார்கரெட் என்ற உயரமான அம்மா எல்லாவற்றையும் கவனித்துப் பேசுவார். டேவிட் என்பவர் சிவந்த முகம், இறங்கும்போதே பதினெட்டுக் குழி, பதினெட்டுக் குழி என்றார். சார் பதினெட்டு என்று எழுதிக் கொடுத்திருந்தார். ஐந்து மணிக்குக் கடைசியாக ஏற வேண்டும். என் கணக்கில் நான்கு மணிக்குத் துறைமுக கேட், இரண்டு ஐம்பதுக்கு நந்தனம் பக்கம் இருந்த மைதானத்திலிருந்து கிளம்பல், பத்தேகாலுக்கு ஆட்டம் ஆரம்பம். பதினெட்டும் சரியாகப் பொருந்தியது.

பாஸ்போர்ட் வரிசையில் அரை மணி போயிற்று. ஒன்பதுக்கு வெளியே வர வேண்டியவர்கள் ஒன்பதரைக்கு வந்தார்கள். இரண்டு குழி போச்சு என்று மனதுக்குள் கழித்துக்கொண்டேன். வேன் கிளம்பியதும் மார்கரெட் அம்மா கையைப் பார்த்து, "அதற்குள் பத்து மணி ஆகிவிட்டதே" என்றார்.

என் போனில் ஒன்பதரை. அந்தம்மா கடிகாரம் வேகமாக ஓடுகிறது போல என்று நினைத்தேன். பின்னால் திரும்பி டேவிட்டின் கையைப் பார்த்தேன். அதிலும் பத்து. மற்ற இருவர் கையிலும் பத்து.

கப்பல் கிழக்கே இருந்து வந்தது. மற்ற நாடுகளின் நேரம் பெரும்பாலும் முழு மணிக் கணக்கில் மாறும், நம் ஊர் நேரம் அரை மணியில் முடிகிறது. ஒரு பகலுக்காக எதற்கு மாற்றுவது என்று கப்பலில் எல்லாக் கடிகாரத்தையும் அரை மணி முன்னாலேயே விட்டுவிட்டார்கள். ஐந்து மணி என்றது கப்பல் ஐந்து. நமக்கு நாலரை. சார் அதை நம் ஐந்து என்று எழுதிவிட்டார். நானும் கேட்காமல் அப்படியே பார்த்து எழுதினேன். அது என் தப்பு, மறைக்கப் போவதில்லை. அதற்குப் பிறகு போட்ட ஒவ்வொரு பிளானிலும் அடி வரிக்கும் கீழே, யாருடைய மணி என்று எழுதினேன். நந்தினி, இதை முதலில் கேள்.

வரிசையில் இரண்டு குழி, கடிகாரத்தில் இரண்டு குழி. மிச்சம் பதினாலு. சாருக்குப் போன் போட்டேன்.

"சார், பதினாலுதான் ஆட முடியும். ரெண்டு இருவதுக்குக் கெளம்பிடணும்."

"பதினெட்டுன்னு எழுதிக் குடுத்திருக்கோமேம்மா."

"கப்பல் நம்ம எழுத்தப் பாத்து நிக்காது சார்."

"உன் ஒரு மணி நேரம் சும்மாதானே இருக்கு? அதைக் கொஞ்சம் எடுத்துக்கோ. பாபு நல்லா ஓட்டுவான்மா. எழுவது நிமிஷ ரோட்ட அம்பதாக்கிடுவான். சொல்லிப் பாரு."

"ஓட்டிடுவான் சார். நான் சொல்ல மாட்டேன்."

"பாத்துக்கலாம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பாபு கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "சாரு இன்னா சொல்றாரு?"

"உன்ன பறக்கச் சொல்றாரு."

"ரெக்க வாங்கிக் குட்த்துக்கீறாரா?"

பத்தே முக்காலுக்கு முதல் பந்தை அடித்தார்கள். அதற்கு முன்பே நான்கு பேரையும் நிற்க வைத்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கடிகார விஷயத்தைச் சொன்னேன், பதினாலோடு நிறுத்த வேண்டும் என்றேன். மார்கரெட் அம்மா தலையாட்டினார். டேவிட், "அப்போது பார்க்கலாம்" என்றார். அவரும் ஒரு சீனிவாசன் சார்தான்.

கூடவே நடந்தேன். பதினாலாவது குழியில் கடைசிப் பந்து விழுந்தபோது மணி இரண்டேகால். மற்ற மூவரும் மட்டையைத் துடைக்க ஆரம்பித்தார்கள். டேவிட் பதினைந்தாவது குழிக்கு ஆடத் தொடங்கும் மேட்டைப் பார்த்து நடந்தார். நான் பின்னால் ஓடினேன். சார், டைம் என்றேன். ஒரே ஒரு குழி என்றார். ஒரு குழி என்பார்கள், அடுத்தது பக்கத்தில்தானே என்பார்கள், நான் பார்த்திருக்கிறேன். அவர் குனிந்து பந்தை வைக்கப் போனார். அந்த இடத்தில் நான் உட்கார்ந்துவிட்டேன். சம்மணம் போட்டு.

மட்டைப் பை தூக்க வந்த முனுசாமி அண்ணன் பதறிப்போனார்.

"யம்மா, எந்திரிமா. அந்தாளு கைல இரும்பு கீது. பந்து பட்டா மண்ட பூடும்."

"போவட்டும்ணே."

"இன்னாமா நீ, பதினாலுல நிறுத்தறே. பாதி மொட்ட அடிச்சிட்டு எந்திரிச்சு போற மாரி கீது."

"பாதி மொட்டையோட வூட்டுக்குப் போலாம்ணே. கப்பல வுட்டுட்டா எங்கே போவாங்கோ?"

டேவிட் என் தலைக்கு மேலே நின்று நிறைய சொன்னார். புகார் எழுதுவேன், உன் வேலை போய்விடும், இதற்காக எத்தனை மாதம் காத்திருந்தேன் தெரியுமா. பாதி புரிந்தது. எனக்குப் பயம்தான், பொய் சொல்லவில்லை. எழுந்துவிட்டால் என்ன ஆகும் என்று தெரியும். பாபுவிடம் போய், கொஞ்சம் வேகமாக ஓட்டு என்று நான் என் வாயால் சொல்ல வேண்டி வரும். அதனால் எழவில்லை. கடைசியில் மார்கரெட் அம்மா சிரித்துக்கொண்டே தன் மட்டையைப் பையில் போட்டு, பையை முனுசாமி அண்ணன் தோளில் மாட்டினார். மற்றவர்களும் போட்டார்கள். டேவிட் தனியாக ஆட முடியாது.

இரண்டு இருபதுக்கு வேன் கிளம்பியது. அண்ணா சாலையில் தண்ணீர்க் குழாய் உடைந்து ரோடு உள்வாங்கியிருந்தது. அரை மணி நேரம் ஓர் அடி நகரவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு பாபு சொன்னான்: "இன்னாத்துக்கு மூஞ்ச அப்டி வச்சிகினு கீறே? கேனு இன்னா சும்மா அழகுக்கா கட்டி வச்சே? அதுக்குத்தானே அது." ஹாரன் கூட அடிக்கவில்லை அவன். வழி விட்ட பிறகும் எப்போதும் ஓட்டுவது போலவே ஓட்டினான்.

நான்கு மணிக்குத் துறைமுக கேட். நாலு பத்துக்குக் கப்பல் ஏணி. இருபது நிமிஷம் கையில் இருந்தது. பதினெட்டும் ஆடியிருந்தால் நால்வரும் கரையில் நின்று கப்பலின் பின்பக்கத்தைப் பார்த்திருப்பார்கள். மார்கரெட் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு போனார். டேவிட் ஏணியில் ஏறும்போது திரும்பி, இன்னும் நான்கு குழி பாக்கி என்றார். இருக்கட்டும். புகாரும் எழுதினார். சார் அதைப் படித்துக் காட்டிவிட்டு, "பரவால்லம்மா" என்று ஃபைலில் வைத்தார்.

அந்த நாளில் பாபுவை வேகமாக ஓட்டச் சொன்னவர் யார், சொல்ல மாட்டேன் என்றவள் யார் என்று படிக்கிறவர்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் அடுத்தது இதுதான்.

அவன் செத்த காலை என் தாளில் எட்டரைக்கு கேட் என்று இருந்தது. நான் முன்னாலேயே போய்க் கப்பலடியில் நின்றிருந்தேன். ஏழு இருபதுக்கு அவனிடமிருந்து போன்.

"அமுதா, டோல்கேட்டாண்ட கீறேன். டைம் எக்கச்சக்கமா கீது. நாஸ்டா துன்னுட்டு வர்ட்டா?"

"துன்னு."

"உனக்கு எதுனா வாங்கியார்ட்டா?"

"ஒண்ணும் வேணா. நீ வா."

அவ்வளவுதான் பேசினோம். எட்டு மணிக்கு, துறைமுகத்துக்குக் கால் மணி தூரத்தில், ஒரு டிரெய்லர் பார்க்காமல் திரும்பியது.

இரண்டு மாதம் கழித்து சார் என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். மேலிடத்துக்கு ஒரு ரிப்போர்ட் போக வேண்டுமாம். பிளான் போட்டவள் நான் என்பதால் என் கையெழுத்து வேண்டுமாம். படித்தேன். திட்டத்தில் குறித்த நேரத்துக்கு வந்து சேரும் அவசரத்தில் ஓட்டுநர் வேகமாக வந்தார் என்று இருந்தது.

"யாரு சார் சொன்னது வேகம்னு?"

"டிரெய்லர்காரன் சொல்றான்மா. உன்மேல தப்புன்னு யாரும் சொல்லல. சும்மா ஃபார்மாலிட்டி."

"சும்மான்னா எதுக்கு சார் என் கையெழுத்து?"

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். நான் தாளை அங்கேயே வைத்துவிட்டு எழுந்தேன். "ரெண்டு நாள் குடுங்க" என்றேன்.

அதுவரை டோல்கேட் வழியாகப் போகாமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். அன்று நேராக அங்கே போய் இறங்கினேன். மூன்று டிபன் கடையில் போனில் இருந்த பாபுவின் படத்தைக் காட்டினேன். மூன்றாவது கடைக்காரர் தெற்கத்தி ஆள். வெகு நேரம் படத்தைப் பார்த்தார்.

"வேன் டிரைவர்லா? நம்ம கடைக்கு எப்பவும் வருவாவ. அடிபட்ட அன்னைக்கும் வந்தாவ. நீ யாரும்மா?"

"வூட்டுக்காரி."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். உட்காரச் சொன்னார்.

"அன்னிக்கு அவசரமா இருந்துச்சா, ஐயா?"

"அவசரமா? இந்த ஸ்டூல்லதாம்மா உக்காந்து சாப்ட்டாவ. நின்னுக்கிட்டு கூட இல்ல. நாலு இட்லி. ரெண்டாவது மட்டம் சாம்பார் கேட்டு வாங்குனாவ. காரம் கம்மியா இருக்கே அண்ணாச்சி, வூட்டம்மா ஊர்ல இல்லையான்னு என்னைக் கேலி பண்ணிட்டு, கை கழுவிட்டு, பேப்பர் பாத்துட்டுத்தான் போனாவ."

அங்கே உட்கார்ந்து அழுதேன். அதையும் மறைக்கவில்லை. கடைக்கு வந்தவர்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நின்று சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை சார் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தேன். பாபு செய்த அழைப்பு என் போனில் அழியாமல் இருந்தது, ஏழு இருபது என்று அதில் பதிவாகியிருந்தது. கடைக்காரர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

"அந்த வரிய அடிச்சிட்டு இத்த எழுதுங்க சார். ஏழு இருவதுக்குப் போன் பண்ணாரு. டைம் நெறைய இருக்குன்னு சொன்னாரு. உக்காந்து சாப்ட்டாரு. ரெண்டாந்தபா சாம்பார் கேட்டாரு."

"சாம்பாரெல்லாம் ரிப்போர்ட்ல எப்படிம்மா எழுதறது?"

"வேகமா வந்தாருன்னு பாக்காததையே எழுத வந்துச்சே சார். ஒருத்தர் பாத்தது இது. இதுவும் வரும்."

"பாத்துக்க..." என்று ஆரம்பித்தார். நான் எழவில்லை. பக்கத்து மேசையில் நந்தினி தட்டச்சு செய்வதை நிறுத்தியிருந்தாள். சார் என் முகத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார். பழைய வரியைக் கோடு போட்டு அடித்தார். எழுதும்போது 'சாம்பார்' என்ற இடத்தில் பேனா ஒரு தரம் நின்றது, பிறகு அதையும் எழுதியது. நந்தினி சுத்தமாகத் தட்டச்சு செய்து கொண்டுவந்தாள். அதில் கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே என் வேலை விலகல் கடிதத்தை வைத்தேன். ரிப்போர்ட்டில் ஒரு நகல் வாங்கிக்கொண்டேன்.

என் மாமியார் காசிமேட்டில் மீன் விற்கிறார், படிக்கத் தெரியாது. நான் போனபோது கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். சாவு வீட்டில் அப்படிச் சொன்ன பிறகு நாங்கள் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

"இன்னா அது கைல?"

"ஆபீஸ்ல எழுதினது, அத்தே. பாபுவப் பத்தி."

"படி."

படித்தேன். போன் செய்தது, ஸ்டூலில் உட்கார்ந்தது, இரண்டாவது முறை சாம்பார் கேட்டு வாங்கியது, எல்லாம். மாமியார் கூடையைக் கவிழ்த்து வைத்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னொரு தபா படி" என்றார்.